பழைய படமும் என் பழைய பிழையும்

மலர்க் குழுவினர் தொலைபேசியில் அழைத்து, "உங்க அணியிலிருந்து ஒரு கட்டுரை கட்டாயம் வேணும் சார்" என்று கேட்டபோது, வழக்கம்போல விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சாம்பாரைப் பற்றி இதுவரை வந்த ஒவ்வொரு மலரிலும் யாராவது ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எழுத எழுத அது ருசியாகிக்கொண்டும் வருகிறது. ஆகவே அதை விட்டுவிட்டு, ஒரு பழைய கடனைத் தீர்க்க இந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக் கொள்கிறேன். வரலாறு படித்த மாணவன் ஒருவன் செய்த வரலாற்றுப் பிழை அது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வட்டி ஏறியிருக்கிறது.

பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பட்டாளத்துக்காரர்

1966இல் நான் பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தபோது என் அறைத் தோழனாக வாய்த்தவன் பொன்மலையைச் சேர்ந்த ஓர் ஆங்கிலோ-இந்திய நண்பன். அப்பா ரயில்வேயில் இன்ஜின் டிரைவர். ஹாக்கி மட்டையோடு வருவான். என்னைவிடச் சுத்தமாகத் திருச்சித் தமிழ் பேசுவான். நம் அணியினருக்கு அவன் யாரென்று இந்நேரம் தெரிந்திருக்கும். பெயரைப் போட வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான்.

1968 ஜனவரியில் அவன் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். ரயில்வே குவார்ட்டர்ஸ். கிறிஸ்துமசுக்குச் செய்த குல்குல் இன்னும் டப்பாவில் மீதி இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவன் அப்பா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே ஞானஸ்நானச் சான்றிதழ்கள், கல்யாணப் பதிவுகள், அவற்றுக்கு நடுவில் தடித்த அட்டையில் ஒட்டிய ஒரு சிறிய புகைப்படம்.

"நீ ஹிஸ்டரிதானே தம்பி படிக்கிறே? இவரு எங்க தாத்தா. பட்டாளத்துல இருந்தாரு, அப்புறம் ரயில்வேயில கார்டா இருந்தாரு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. பாத்துச் சொல்லு" என்றார்.

அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியா போவதற்கு மனுப் போட்டிருந்த நேரம் அது. அங்கே குடியேற வேண்டுமானால் ஐரோப்பிய வம்சாவளியைக் காட்டவேண்டியிருந்த காலம். வெள்ளையருக்கே இடம் என்ற அந்த நாட்டுக் கொள்கை 1966இல் தளர்ந்து, 1973இல்தான் முழுதாக ஒழிந்தது. ஆகவே அந்த டின்னில் இருந்த ஒவ்வொரு தாளும் அவர்களுக்கு உயிர்.

படத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் ஒரு சிறு மேசை, பின்னால் திரைச்சீலை. உடம்பைப் பிடித்தாற்போல் கறுத்த மேலங்கி, நடுவில் ஒரே வரிசைப் பொத்தான். இடது மார்பில் ஒரு மெடல். சட்டைக் கையில் 'வி' வடிவத்தில் இரண்டு பட்டைகள். மேசைமேல் விளிம்பில்லாத வட்டத் தொப்பி. அட்டையில் ஸ்டூடியோ பெயர் இல்லை.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஆங்கிலப் பாடத்தில் டென்னிசனின் லைட் பிரிகேட் கவிதை நடந்துகொண்டிருந்தது. கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25ஆம் தேதி, பாலக்ளாவாவில் பீரங்கிகளுக்கு எதிரே பாய்ந்த குதிரைப்படை வீரர்களைப் பற்றிய கவிதை. தலைக்குள் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. பத்தே நிமிடம்தான் பார்த்தேன். "காலாட்படைக்குச் சிவப்பு உடை. இது கறுப்பாக இருக்கிறது, ஆகவே குதிரைப்படை. ரிப்பனில் வெளிர் நிறமும் கறுப்பும் தெரிகிறது, ஆகவே கிரிமியா மெடல். கையில் பட்டை இருக்கிறது, ஆகவே சார்ஜன்ட்" என்று அடுக்கினேன். அதோடு விட்டேனா? அவர் கேட்டுக்கொண்டபடி என் பேனாவைத் திறந்து, அட்டையின் பின்புறம் மையால் எழுதியும் கொடுத்தேன்: "சார்ஜன்ட், லைட் பிரிகேட், பாலக்ளாவா, 1854."

அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா இன்னொரு தட்டு குல்குல் வைத்தார்கள். என் முதல் ஆராய்ச்சிக்குக் கிடைத்த சன்மானம் அதுதான். 1970இல் அவர்கள் கப்பலேறினார்கள். விசாவுக்கு உதவியது சான்றிதழ்கள்தான், என் கையெழுத்து அல்ல. ஆனால் படமும் கூடவே போயிற்று.

திரும்பி வந்த படம்

கடந்த ஆண்டு நண்பன் பெர்த் நகரிலிருந்து வாட்ஸப்பில் பேசினான். "சந்திப்புக்கு வரேன்டா. மலருக்கு எங்க கொள்ளுத் தாத்தாவைப் பத்தி நீதான் எழுதணும். அவரைக் கண்டுபிடிச்சவனே நீதானே! படத்தைப் பெரிசாக்கி ஹால்ல மாட்டியிருக்கோம். கீழே பித்தளைத் தகட்டுல நீ எழுதினதை அப்படியே பொறிச்சிருக்கு. அப்பா போற வரைக்கும் வர்றவங்க எல்லார்கிட்டயும் அதைக் காட்டுவார்" என்றான். மறுநாள் மூலப்படத்தை ஸ்கேன் செய்து அனுப்பினான்.

நான் முப்பத்து மூன்று ஆண்டு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்து ஆங்கிலேயச் சீருடைகளைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் இருக்கிறேன். மகனுடைய கணினியில் படத்தை விரித்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்துவிட்டது. நான் எழுதிய நாலு சொற்களில் ஒன்றுகூடச் சரியில்லை.

அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் பிள்ளைகள் குடியேறிய ஊரில் அவர்களுடைய நண்பர்களுக்காவது, இப்படி ஒரு படம் கையில் கிடைத்தால் உதவும்.

முதல் பிழை: அட்டையின் வயதைப் பார்க்காதது

இரண்டரை அங்குல அகலமும் நாலு அங்குல உயரமும் உள்ள இந்த அட்டைப் படத்துக்குக் 'கார்ட் த விசிட்' என்று பெயர். விசிட்டிங் கார்டு அளவு என்று பொருள். பாரிசில் டிஸ்டெரி என்பவர் 1854இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இங்கிலாந்தில் இது பரவியது 1860 வாக்கில்தான். விக்டோரியா மகாராணி குடும்பத்தின் படங்களே அந்த ஆண்டில் இப்படி விற்பனைக்கு வந்தபின், பைத்தியமாகவே பரவியது. விலை மலிவு என்பதால் சாதாரணச் சிப்பாயும் ஒரு டஜன் எடுத்து ஊருக்கு அனுப்ப முடிந்தது. விக்டோரியா காலத்து ஆங்கிலக் குடும்ப ஆல்பங்களில் இத்தனை பட்டாளத்துக்காரர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். கடல் கடந்து போகிறவன் திரும்பி வருவானோ மாட்டானோ என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இன்னும் பெரிய அட்டையாக, நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம் இருந்தால் அது 'கேபினெட்' படம். 1866க்குப் பிறகு வந்தது. ஆக, முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அட்டையை அளக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் வகுப்பில் செப்பேட்டைப் பற்றிச் சொன்னதும் இதேதான்: எழுத்தைப் படிக்கும் முன் தகட்டைப் பார். நான் வகுப்பில் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டேன். பொன்மலையில் மறந்துவிட்டேன்.

இரண்டாம் பிழை: கறுப்பாகத் தெரிந்த சிவப்பு

அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ஈரமான கொலோடியனைப் பூசிப் படம் எடுத்தார்கள். ஆர்ச்சர் என்பவர் 1851இல் வெளியிட்ட முறை. அந்தத் தகட்டுக்கு நீல ஒளி நன்றாகத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. ஆகவே வானம் வெளுத்துப்போகும், இளநீலம் வெள்ளையாகும், மஞ்சள் கறுத்துவிடும், கடும் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவே விழும். கறுப்பாகத் தெரிகிறதே, இது சிவப்பு அல்ல என்று நான் சொன்னது, மெஸ்ஸில் விளக்கு அணைந்தபின் ரசம் கறுப்பு என்று சொன்ன மாதிரி.

குதிரைப்படை இல்லை என்பதற்குப் படத்திலேயே சாட்சி இருந்தது. இடுப்பு வாரில் இடப்பக்கம் தொங்குவது குதிரைவீரன் வாள் அல்ல. துப்பாக்கி முனையில் செருகும் பயனெட்டின் உறை. அது காலாட்படைச் சிப்பாயின் அடையாளம்.

உடையின் தையலும் காலத்தைச் சொல்கிறது. கிரிமியப் போர் தொடங்கியபோது ஆங்கிலக் காலாட்படை அணிந்தது, முன்பக்கம் இடுப்போடு வெட்டி, பின்னால் வால் தொங்கும் பழைய கோட்டு. 1855இல் அதை எடுத்துவிட்டு, இடுப்புக்குக் கீழும் சுற்றி வரும் டியூனிக் கொடுத்தார்கள். முதலில் இரட்டை வரிசைப் பொத்தான். அடுத்த ஆண்டே ஒற்றை வரிசையாயிற்று. நம் படத்தில் இருப்பது இந்த ஒற்றை வரிசை. 1854இல் பாலக்ளாவாவில் இப்படி ஒரு டியூனிக்கை எந்தக் காலாட்படைக்காரனும் பார்த்திருக்கவே முடியாது.

மணிக்கட்டுப் பகுதியில் மூன்று பொத்தான்களோடு நீளவாக்கில் ஒரு துண்டு தைத்திருக்கிறது. 1868இல் அதை மாற்றி, கூம்பாக முடியும் கைவிளிம்பு கொண்டுவந்தார்கள். லண்டனில் போட்ட உத்தரவு இந்தியாவுக்குக் கப்பலில் வந்து, பழைய உடை கிழிந்து, புதியது தைத்து முடிக்க ஓரிரு ஆண்டு கூடுதலாக ஆகியிருக்கலாம். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் இந்தப் படம் 1870ஐத் தாண்டாது.

மூன்றாம் பிழை: ரிப்பனின் ஓரம்

கிரிமியா மெடலின் ரிப்பன் இளநீலம், இரண்டு ஓரத்திலும் மஞ்சள். அந்தக் காலத் தகட்டில் இது நடுவில் வெளுப்பாகவும் ஓரங்களில் கறுப்பாகவும் விழும். நம் படத்தில் ஓரங்கள் வெள்ளை. உள்ளே இரண்டு கறுப்புக் கோடுகள், நடுவில் மறுபடி வெள்ளை. அதாவது வெள்ளை ரிப்பனில் இரண்டு செந்நிறக் கோடுகள். அது 1857-58 இந்தியக் கிளர்ச்சியை அடக்கியவர்களுக்குக் கொடுத்த மெடல்.

ரிப்பன்மேல் சண்டையின் பெயர் பொறித்த சின்னச் சட்டங்கள் இருக்கும். கிரிமியா மெடலில் அவை ஓக் இலை வடிவத்தில், நுனியில் காயோடு இருக்கும். நம் படத்தில் உள்ளவை நேரான இரண்டு கட்டைகள். மேலும், கிரிமியாவில் சண்டையிட்ட ஆங்கிலச் சிப்பாய்களுக்குத் துருக்கி சுல்தானும் ஒரு மெடல் கொடுத்தார். ஆகவே கிரிமியா வீரர் மார்பில் பெரும்பாலும் இரண்டு தொங்கும். இவருக்கு ஒன்றுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செப்புத் தகட்டில் எடுத்த டாகுரோடைப்பும், இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப்பும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரியும். மெடல் வலது மார்பில் இருந்தால் பொத்தான் எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். காகிதத்தில் அச்சான கார்ட் படத்தில் இந்தத் தொல்லை இல்லை.

நாலாம் பிழை: முழங்கைக்கு மேலா, கீழா?

சார்ஜன்ட்டுக்கு மூன்று பட்டை, கார்ப்பரலுக்கு இரண்டு. இரண்டு பட்டையைப் பார்த்துவிட்டு நான் சார்ஜன்ட் என்று எழுதினேன் என்றால், எண்ணக்கூட இல்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பதவிப் பட்டை முழங்கைக்கு மேலே இருக்கும். இவருக்கு இருப்பது கீழே. அது பதவி அல்ல. ஒழுங்கீனம் இல்லாமல் பல ஆண்டு சேவை செய்த சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுக்கும் நன்னடத்தைப் பட்டை. பட்டை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு பென்னி கூடுதல் சம்பளம். குடித்துவிட்டு மாட்டிக்கொண்டால் பிடுங்கிவிடுவார்கள். ஆக, என் சார்ஜன்ட் கடைசியில் நல்ல பிள்ளையாக இருந்த ஒரு சிப்பாய்.

ஆங்கிலக் குடும்பங்களிலும் இந்தப் பிழைகள் ஏராளம். 1859இல் பிரான்சிலிருந்து படையெடுப்பு வரும் என்ற பயத்தில் ஊருக்கு ஊர் தொண்டர் படைகள் எழுந்தன. குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் சாம்பல் நிறத்திலோ கரும்பச்சையிலோ சீருடை தைத்துக்கொண்டு, வேலை முடிந்து பயிற்சிக்குப் போனார்கள். ஸ்டூடியோவிலும் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இன்று பேரப்பிள்ளைகள் அவர்களைப் போர்வீரர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், பேண்டு வாத்தியக்காரர் எல்லோரும் இந்த வரிசையில் வருவார்கள்.

பொதுவாக மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்தால் பாதி வேலை முடியும். உச்சியில் கூர்முனை வைத்த துணி ஹெல்மெட் தலையில் இருந்தால் 1878க்குப் பிறகு. அதிகாரியின் பதவிச் சின்னம் கழுத்துப் பட்டையில் இருந்தால் 1880க்கு முன், தோளில் இருந்தால் பின். ரெஜிமெண்டுக்கு எண் இருந்தால் 1881க்கு முன். அந்த ஆண்டில்தான் எண்களை எடுத்துவிட்டு மாவட்டப் பெயர்களைச் சூட்டினார்கள்.

102

அந்த எண்தான் கடைசியில் வழி காட்டியது. மேசைமேல் இருந்த தொப்பியின் முன்பக்கம் ஒரு பொட்டு தெரிந்தது. 1968இல் அதைப் பூஞ்சைக் கறை என்று நினைத்தேன். ஸ்கேனில் விரித்தபோது பித்தளையில் மூன்று இலக்கங்கள்: 102.

102ஆம் ரெஜிமெண்ட் என்பது ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வைத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் படை இது. கிளைவ் காலத்தில் ஆற்காடு, பிளாசி சண்டைகளைப் பார்த்த படை. சிப்பாய்களில் அயர்லாந்து ஏழைகள் ஏராளம். கம்பெனி ஆட்சி முடிந்து, 1862இல் மகாராணியின் படையில் சேர்த்தபோதுதான் இதற்கு 102 என்ற எண் கிடைத்தது. 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் மாறி, அயர்லாந்து தனி நாடானபோது 1922இல் கலைக்கப்பட்டது. ஆக, நம் படம் 1862க்குப் பின், 1870க்குள்.

1857இல் இந்தப் படையை வடக்கே கொண்டுபோனவர் கர்னல் நீல். தொப்பிக்கு மேல் போட்ட நீல உறையால் இவர்களுக்கு 'நீலின் நீலத்தொப்பிகள்' என்றே பெயர். காசி, அலகாபாத், கான்பூர் வழியாக லக்னோ. வழி நெடுக நீல் விசாரணை இல்லாமல் ஆட்களைத் தூக்கிலிட்டார். ஊர்களைக் கொளுத்தினார். செப்டம்பர் 25ஆம் தேதி லக்னோவுக்குள் நுழையும்போது சுடப்பட்டுச் செத்தார். மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றக் கோரி 1927இல் நம் தொண்டர்கள் சிறை சென்றதும், 1937இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அது அருங்காட்சியகத்துக்குப் போனதும் உங்களுக்குத் தெரிந்ததே. பி.ஏ. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி!

அந்த நீலின் சிப்பாய்களில் ஒருவரைத்தான் நான் டென்னிசனின் குதிரைமேல் ஏற்றி உட்கார வைத்திருக்கிறேன்.

படத்தில் இல்லாதது

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எண்பதை நெருங்கும் வயதில் அவனுடைய கூடத்துச் சுவரில் ஏன் கை வைக்க வேண்டும்? அப்பாவும் போய்விட்டார். என் மனைவிதான், "முப்பத்து மூணு வருஷம் பசங்களுக்குச் சிவப்பு மையில தப்புன்னு போட்டீங்களே, அது உங்களுக்குக் கிடையாதா?" என்று கேட்டாள். அன்று மாலையே பெர்த்துக்குப் பேசினேன்.

"டேய், அன்னைக்கு நான் எழுதினது தப்பு."

"எது தப்பு?"

"எல்லாமே."

ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்பா அதை நம்பித்தான்டா செத்தார்" என்று மட்டும் சொன்னான். பிறகு இரண்டு வாரம் பேச்சே இல்லை. சந்திப்புக்கு வரமாட்டான் என்றே நினைத்தேன்.

அதற்குள் அவனுடைய பேத்தி வேலையில் இறங்கியிருக்கிறாள். மெட்ராஸ் படையின் பெயர்ப் பட்டியல்களும் மெடல் பட்டியல்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. படம் ரெஜிமெண்டைச் சொல்லிவிட்டால், ஆளைத் தேட எந்தப் பட்டியலைப் புரட்டுவது என்று தெரிந்துவிடும். தவறான ரெஜிமெண்டில் இத்தனை ஆண்டு தேடி ஏமாந்த குடும்பம், சரியான ரெஜிமெண்டில் பத்தே நாளில் அவரைக் கண்டுபிடித்தது. அயர்லாந்துக்காரர். சாதாரணச் சிப்பாய். மெடலில் இரண்டு சட்டங்கள்: லக்னோ தற்காப்பு, லக்னோ.

அன்று இரவு நண்பனே கூப்பிட்டான். குரல் பழையபடி இருந்தது. "மெட்ராஸ் பட்டாளம்டா அவர்! கிரிமியாவாவது ஒண்ணாவது! நம்ம ஊருக்குன்னே வந்து, நம்ம ஊர்லயே இருந்துட்டவர்" என்றான். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1862இல் ரயில் வந்தது. பட்டாளத்தை விட்டவருக்கு அந்த ரயில்தான் வேலை கொடுத்தது. நாலு தலைமுறை அந்தத் தண்டவாளத்திலேயே ஓடியது.

கொஞ்சம் பொறுத்து, மெதுவாகக் கேட்டான்: "பேத்தி நீல் பத்திப் படிச்சிருக்கா. என்கிட்ட கேக்கறா. அவர் யாரையாவது தூக்குல போட்டாராடா?"

"அது படத்துல இல்லை" என்றேன்.

"அப்போ இல்லேன்னு சொல்லிடலாமா?"

"அதுவும் படத்துல இல்லை."

அவன் ஒப்புக்கொண்டான். நண்பர்களே, எனக்கு இந்தப் படம் கற்றுக்கொடுத்தது இதுதான். சீருடை ஒரு மனிதன் எந்த வரிசையில், எந்த ஆண்டில் நின்றான் என்பதைச் சொல்லும். அந்த வரிசையில் நின்று அவன் கை என்ன செய்தது என்பதைச் சொல்லாது. பத்தொன்பது வயதில், சொல்லாததைச் சொன்னதாக எழுதி ஒரு வீரரை உண்டாக்கினேன். இப்போது அதே சுலபத்தில் ஒரு கொலைகாரரையோ ஒரு நிரபராதியையோ உண்டாக்கலாம். அதுவும் அதே பிழைதான். அந்த ரெஜிமெண்டின் லத்தீன் முழக்கத்துக்கு 'எங்கள் செயலைக் கொண்டு எங்களை எடைபோடுங்கள்' என்று பொருள். எடைபோட வேண்டுமானால் செயல் தெரிய வேண்டும். நீலின் செயல் தெரியும், எடைபோட்டாகிவிட்டது. இந்தச் சிப்பாயின் செயல் இன்னும் எந்தத் தாளிலாவது தூங்கிக்கொண்டிருக்கலாம். பேத்தி தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் நம் கல்லூரியில் படிக்கவில்லையே என்று எனக்கு வருத்தம்.

பித்தளைத் தகட்டைக் கழற்றிவிட்டார்கள். சந்திப்பு நாளில் நண்பன் மூலப்படத்தைக் கொண்டுவருகிறான். பின்புறம் நான் எழுதிய மை அழியாது. அழிக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, கீழே இப்படி எழுதப் போகிறேன்: "காலாட்படைச் சிப்பாய், 102ஆம் ரெஜிமெண்ட், மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். மார்பில் 1857-58 மெடல். படம் எடுத்தது 1862க்கும் 1870க்கும் இடையில்." பக்கத்தில் என் பெயரும் தேதியும்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் பெயரில்லாத படங்கள் இருந்தால், தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த முறை நான் கொண்டுவருவது பேனா அல்ல, பென்சில்.

(கட்டுரையாளர்: பி.ஏ. வரலாறு, 1966-69 அணி)